மருந்தாளருக்குத் தொடர் கல்வி: திருகோணமலையில் இருந்துகொண்டு எதைத் தெரிவு செய்வது?

பாமசியில் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருக்கிறவர்கள், இப்போதுதான் சோதனை பாஸ் பண்ணிப் பதிவு எடுத்த பிள்ளைகள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, வேலையோடு சேர்த்து கிளினிக்கல் விஷயம் ஏதாவது படிக்க வேணும், எதைப் படிக்கலாம்?" கேட்கிறவர் கையில் ஏற்கெனவே இரண்டு மூன்று தெரிவுகள் இருக்கும். கொழும்பில் ஒரு செயலமர்வு வருகிறது, வட்ஸ்அப்பில் யாரோ வெளிநாட்டு இணையப் பாடம் ஒன்றின் லிங்கை அனுப்பியிருக்கிறார், மெடிக்கல் ரெப் ஒருவர் ஹோட்டலில் கருத்தரங்கு என்று அழைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 2005ல் படித்து முடித்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சலரோக மருந்தான சிட்டாக்ளிப்டின் 2006ல்தான் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. அதே நோய்க்கான டபாக்ளிஃப்ளோசினுக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2012ல். இன்றைக்கு சலரோகக்காரரின் கிளினிக் கொப்பியைத் திறந்தால் இந்த இரண்டில் ஒன்று இருக்கும், இரண்டுமே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அவர் படித்த பாடப்புத்தகத்தில் இவற்றின் பெயர்கூட இல்லை. குளிசையின் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து எடுத்துக் கொடுப்பதற்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம்தான். ஆனால் டபாக்ளிஃப்ளோசின் குடிக்கிற ஒருவர் வயிற்றோட்டமும் வாந்தியுமாக ஓ.ஆர்.எஸ். வாங்க வரும்போது, "சாப்பாடு தண்ணீர் சரியாக இறங்குகிற வரைக்கும் அந்தக் குளிசையை நிறுத்தி வைக்க வேண்டி வரும், உடனே டொக்டரிடம் கேளுங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அந்த மருந்தைத் தொடர்ந்தால், சீனி அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோ அமிலம் கூடிவிடும் ஆபத்து இருக்கிறது. சீனியைக் குத்திப் பார்த்துவிட்டு நோர்மல்தானே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆளைக் காப்பாற்றப் பிந்திவிடலாம். நம்முடைய வெயிலில் வலை இழுக்கிறவருக்கும் வயலில் நிற்கிறவருக்கும் நீர் வற்றுவது சாதாரணமாக நடக்கிற காரியம்.

ஆகவே நான் எந்தப் படிப்பையும் பார்ப்பது ஒரே அளவுகோலால்தான்: அதை முடித்த பிறகு அடுத்த கிழமை கவுண்டரில் நீங்கள் சொல்வதில் எது மாறும்? சான்றிதழ், மணித்தியாலக் கணக்கு, கிரெடிட் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் இலவச இணையப் பாடங்கள். எங்களைப் போல கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறில்லை என்று நினைக்கிறேன், அதிலும் எதைத் தொடுவது என்று தெரிந்தால். உலக சுகாதார நிறுவனம் லியோன் நகரத்தில் தனக்கென்று ஒரு கல்விக்கூடமே வைத்து இணையத்தில் பாடங்களைத் தருகிறது. சுவீடனில் இருக்கும் உப்சாலா கண்காணிப்பு நிலையம் மருந்துகளின் பக்கவிளைவுகளை எப்படிக் கவனிப்பது, எப்படி அறிவிப்பது என்று அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறது. உலகம் முழுவதிலுமிருந்து வரும் பக்கவிளைவு அறிக்கைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களே அவர்கள்தான், அதனால் அவர்கள் சொல்லும் உதாரணங்களில் சத்து இருக்கும். அன்டிபயோட்டிக்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட கையேடு ஒன்று இருக்கிறது, அதை ஒரு சதம் செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மருந்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: முதலில் எடுக்க வேண்டியவை, கவனமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. அமொக்ஸிசிலினும் செபலெக்சினும் முதல் கூட்டத்தில். அஸித்ரோமைசின், சிப்ரோஃப்ளோக்சசின், செஃபிக்ஸிம் எல்லாம் இரண்டாவதில். இதை ஒருமுறை மனதில் வாங்கிய பிறகு, தடிமலுக்கு "அந்த மூன்று நாள் குளிசை தாங்க" என்று அஸித்ரோமைசின் கேட்டு வருகிறவரிடம் ஏன் டொக்டரின் துண்டில்லாமல் தர முடியாது என்று சொல்வதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கும். வெறுமனே சட்டம் விடாது என்று சொல்வதை விட அது எவ்வளவோ மேல்.

இலவசப் பாடங்களின் சிக்கல் ஆங்கிலம். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. தமிழ் மூலம் படித்த ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியால ஆங்கில வீடியோ என்பது மூன்று மணித்தியால வேலை. பாதியில் விட்டுவிடுவார்கள், பிறகு தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து பாருங்கள், வீடியோவை விட எழுத்து வடிவம் இருந்தால் அதை எடுங்கள், டேட்டாவும் மிச்சம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதில் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று வசனங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் பாடம் இன்னும் விளங்கவில்லை, திரும்பப் போங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதால் எல்லாவற்றிலும் பெயர் பதிந்துவிட்டு ஒன்றையும் முடிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

அடுத்தது காசு கட்டிப் படிக்கும் வெளிநாட்டு அங்கீகாரப் பாடங்கள். அமெரிக்காவில் மருந்தாளர் உரிமத்தைப் புதுப்பிக்கப் பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு வருடத்துக்கு 30 மணித்தியாலம் படித்துக் காட்ட வேண்டும். அங்கே தேசியச் சான்றிதழ் வைத்திருக்கும் பாமசி டெக்னீஷியன்களுக்கு இரண்டு வருடத்துக்கு 20 மணித்தியாலம், அதில் ஒரு மணித்தியாலம் சட்டம், ஒரு மணித்தியாலம் நோயாளி பாதுகாப்பு. அதனால் அங்கே இந்தப் பாடங்களுக்குப் பெரிய சந்தையே இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நீண்ட எண் இருக்கும், அதன் கடைசி எழுத்து பி என்றால் மருந்தாளருக்கு, டி என்றால் டெக்னீஷியனுக்கு. பலர் அதைக் கவனிக்காமல் காசைக் கட்டிவிட்டு, தங்களுக்குப் பொருந்தாத பாடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியம், கிரெடிட் ஏறுவதற்கு அந்த நாட்டு மருந்தகச் சபைகளின் கூட்டமைப்பில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் படிக்கலாம், கிரெடிட் பதிவாகாது. ஆகவே அமெரிக்கா போகும் எண்ணம் இல்லாதவர் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களின் கதை வேறு. அங்கே உரிமம் எடுத்த பிறகு தொடர் கல்விப் புள்ளிகள் கேட்பார்கள், ஆனால் எந்த நாட்டின் சபை யாருடைய சான்றிதழை ஏற்கும் என்பதை அந்தச் சபையின் விதியைப் பார்த்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும். ஏஜென்சிக்காரர் சொன்னார் என்று கட்டாதீர்கள்.

வெளிநாட்டு முறைகளில் எனக்கு மனதார பிடித்தது பிரித்தானியாவினுடையது. அங்கே மணித்தியாலக் கணக்கே கேட்பதில்லை. 2018ல் வந்த முறைப்படி மருந்தாளரும் டெக்னீஷியனும் வருடத்துக்கு ஆறு பதிவுகள் எழுதிக் கொடுக்க வேண்டும்: நான்கு படித்ததைப் பற்றி, ஒன்று சக தொழிலாளர் ஒருவரோடு உட்கார்ந்து பேசியதைப் பற்றி, ஒன்று தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்து எழுதுவது. படித்ததால் நோயாளிக்கு என்ன பலன் கிடைத்தது என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். இதற்கு நாம் யாருக்கும் காசு கட்ட வேண்டாம், ஒரு சி.ஆர். கொப்பி போதும். யாரும் கேட்காவிட்டாலும் வருடத்துக்கு ஆறு பக்கம் இப்படி எழுதி வைக்கிற ஒருவர், இருபது சான்றிதழை ஃபைலில் போட்டு வைத்திருப்பவரை விடக் கூடுதலாகப் படித்திருக்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன்.

கொழும்புச் செயலமர்வுகளுக்கு வருவோம். நன்மை என்னவென்றால் ஆட்களைச் சந்திக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகளின் மருந்தாளர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் வேலை செய்பவர்கள் என்று எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். தேநீர் இடைவேளையில் கேட்டு வாங்குகிற ஒரு தொலைபேசி எண் பிறகு வருடக்கணக்கில் உதவும். கெட்டது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போய், முகம் கழுவி, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து, மறுபடி இரவுப் பயணம். தனி ஆளாகப் பாமசி நடத்துகிறவர் பதிவு பெற்ற மருந்தாளர் இல்லாமல் கடையைத் திறந்து வைக்கவும் முடியாது, ஆக இரண்டு நாள் வருமானம் போகும். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், வருடத்தில் ஒன்றுக்குப் போகலாம், அதுவும் செய்து பழகுகிற பயிற்சி இருந்தால்: இன்ஹேலர் பிடிப்பது, இன்சுலின் பேனா, மருத்துவர் எழுதிய துண்டை வைத்துக்கொண்டு கேஸ் பேசுவது போன்றவை. வெறும் விரிவுரை என்றால் சூமில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள், வராவிட்டால் ஸ்லைட்டுகளை வாங்கிப் படியுங்கள்.

கொம்பனிக் கருத்தரங்குகளைப் பற்றிச் சிலர் மிகக் கடுமையாகப் பேசுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. புதிய மருந்து ஒன்று ஊருக்குள் வரும்போது அதைப் பற்றி முதலில் காதில் விழுவது அங்கேதான். ஆனால் அதைக் கல்வி என்று கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அங்கே போனால் மூன்றைக் கேளுங்கள்: எந்த மருந்தோடு ஒப்பிட்டார்கள், நூறு பேர் குடித்தால் எத்தனை பேருக்கு மேலதிகமாகப் பலன், ஒரு மாதத்துக்கு நோயாளிக்கு என்ன செலவு. "ஆபத்து பாதியாகக் குறைந்தது" என்று ஸ்லைட்டில் போடுவார்கள். நூறில் இரண்டு பேருக்கு வந்தது ஒருவருக்கு என்று குறைந்தாலும் பாதிதான், நூறில் நாற்பது இருபதாகக் குறைந்தாலும் பாதிதான். பதில் நேராக வராவிட்டால் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பட்டப்படிப்பும் ஒரு தெரிவுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் பி.பார்ம். இருக்கிறது. வயதும் வீட்டுச் சூழலும் இடம்கொடுத்தால் செய்யுங்கள், ஆனால் அது வருடக்கணக்கான முடிவு. இந்தக் கட்டுரையில் பேசுகிற "வேலையோடு வேலையாக" என்ற கணக்குக்குள் அது வராது.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது நான்கு ஐந்து பேர் சேர்ந்து ஊரிலேயே வைக்கும் படிப்புக் கூட்டம். அது சாதாரண விஷயமாகத் தெரியும், அதனாலேயே யாரும் ஆரம்பிப்பதில்லை. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளில் கிளினிக் இல்லை, பிற்பகலில் கூட்டம் குறைவு. மாதத்தில் ஒரு போயா, இரண்டு மணித்தியாலம், ஒரே ஒரு தலைப்பு. உவர்மலையில் ஒருவர் வீட்டில், அடுத்த முறை கிண்ணியாவில். பாலம் வந்த பிறகு அது தூரமே இல்லை. ஒருவர் தலைப்பைப் படித்துக்கொண்டு வருவார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு உண்மையான கேஸ், நோயாளியின் பெயர் விவரம் எதுவும் இல்லாமல். மேசையில் பி.என்.எஃப். என்ற பிரித்தானிய மருந்துக் கையேடு ஒன்று இருந்தால் போதும். பழைய பதிப்பாக இருந்தால், மருந்தளவு முடிவுகளுக்கு மட்டும் புதியதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள், அச்சுப் பதிப்பு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் மாறிவிடும்.

என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். தலைப்பு மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வாதத்துக்கு அது கிழமைக்கு ஒரு தடவை மட்டும் குடிக்கிற மருந்து. தினமும் குடித்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் விழுந்து உயிரே போகலாம், உலகமெங்கும் இந்தத் தவறால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நாங்கள் மேசையில் ஒரு வெறும் மருந்துக் கவரை வைத்து, ஒவ்வொருவரும் தங்கள் கடையில் எழுதுவது போலவே எழுதச் சொன்னோம். ஒருவர் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்தாக எழுதினார். ஒருவர் "கிழமைக்கு 1" என்று எழுதினார். இன்னொருவர் 2.5 மில்லிகிராம் குளிசையில் 3 என்று மட்டும் போட்டார். அந்தக் கவரைக் கண்ணாடி இல்லாத ஒரு அம்மா வீட்டில் வைத்து வாசிப்பதை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடைசியில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது: "திங்கட்கிழமை மட்டும், 3 குளிசை, ஒரே நேரத்தில். மற்ற நாட்களில் இதைக் குடிக்கக் கூடாது." கிழமையின் பெயரை முழுதாக, பெரிதாக எழுத வேண்டும், போலிக் அசிட் வேறு கவரில் வேறு நாள் பெயரோடு போக வேண்டும். எந்த வெளிநாட்டுப் பாடமும் இந்தக் கவரை உங்களுக்கு எழுதித் தராது. மெத்தோட்ரெக்ஸேட்டின் ஆபத்தைப் பாடம் சொல்லும், தமிழில் அந்த அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்பதை நாம்தான் உட்கார்ந்து தீர்க்க வேண்டும்.

தலைப்புகளையும் ஊர்தான் தர வேண்டும். 2017ல் கிண்ணியாவில் டெங்கு எப்படி அடித்தது என்று யாரும் மறக்கவில்லை. காய்ச்சலோடு வருகிறவருக்கு டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் அஸ்பிரினும் கூடாது, பெனடோலும் அளவோடுதான், பிள்ளைக்கு நிறை பார்த்துக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கவுண்டரில் நிற்கும் கடைசிப் பிள்ளை வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதவிஸ்ரீபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர் நோவுக்குக் குளிசை கேட்டால் முதலில் கிட்னியைப் பற்றிக் கேட்க வேண்டும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு (eGFR) 30க்குக் கீழே போனால் சலரோகத்துக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் கூடாது, 45க்குக் கீழே வந்தாலே அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். பிரஷருக்கு லொசார்ட்டனும் நீர்க்குளிசையும் குடிக்கிறவர் டைக்ளோஃபெனாக் போன்ற நோக்குளிசையும் சேர்த்துக் குடித்தால் கிட்னி ஒரே கிழமையில் அடிபடலாம். பிறகு நோன்பு. கிண்ணியாவிலும் மூதூரிலும் பாமசி நடத்துகிறவருக்கு அது வருடா வருடம் வரும் பாடம். சலரோகத்துக்கு நாளுக்கு ஒரு தடவை கிளிக்லசைட் குடிக்கிறவருக்கு அதை நோன்பு துறக்கும் நேரத்துக்கு மாற்றுவது, இருவேளை குடிக்கிறவருக்கு ஸஹர் நேர அளவைக் குறைப்பது, சீனி 70க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது, இவற்றையெல்லாம் டொக்டரோடு பேசி நோன்புக்கு ஒரு மாதம் முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு ஊர் டொக்டர் ஒருவரை அழைத்தால் வருவார்கள், நாங்கள் கேட்டவர்கள் சந்தோஷமாக வந்தார்கள்.

கூட்டத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். சான்றிதழ் இல்லை. வழிநடத்த ஒருவர் இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் கதைபேசும் கூட்டமாகிவிடும். எல்லோரும் ஒரே மாதிரிப் பிழையாக நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் திருத்தவும் மாட்டார்கள். ஆகையால்தான் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், அதே தலைப்பில் ஒரு இலவச இணையப் பாடத்தையோ, சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் டெங்கு வழிகாட்டியைப் போன்ற தேசிய வழிகாட்டி ஒன்றையோ அடிப்படையாக வைக்கச் சொல்கிறேன். பாடம் வெளியிலிருந்து, பேச்சு எங்களுடையது.

உதவியாளர்களுக்கும் டிஸ்பென்சர்களுக்கும் இன்னொரு சொல். மருந்தாளருக்கான சிகிச்சைப் பாடத்தையே சுருக்கி அவர்களுக்குக் கொடுப்பது சரியில்லை. தட்டிலிருந்து மருந்தை எடுப்பவர் அவர், அளவை எண்ணுபவர் அவர், நோயாளியின் முகத்தை முதலில் பார்ப்பவரும் அவர். அவருக்குத் தேவை, பெயரும் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும் மருந்துகள் எவை, சிறுபிள்ளைகளின் சிரப்புக்குக் கணக்குப் போடுவது எப்படி, இன்சுலினை எங்கே வைப்பது, எந்தக் கேள்வி வந்தால் தானே பதில் சொல்லாமல் மருந்தாளரைக் கூப்பிட வேண்டும் என்பவை. இரத்தம் உறையாமலிருக்க வோர்ஃபரின் குடிக்கிறவர் மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக் எழுதிய துண்டோடு வந்தால் ஏன் என்ற மருந்தியல் முழுதும் அவருக்குத் தெரிய வேண்டாம், "கொஞ்சம் பொறுங்கள், சேரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லத் தெரிந்தால் அந்த மனிதர் இரத்தக் கசிவிலிருந்து தப்புவார். இதற்கு இணையப் பாடத்தை விட, கடை திறக்கும் முன் பத்து நிமிடம் மருந்தாளரே நின்று சொல்லிக் கொடுப்பது நல்லது. கடை உரிமையாளர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது.

இப்போது எதை எடுப்பது? புதிதாகப் பதிவு எடுத்து டவுனில் வேலை செய்கிற பிள்ளை என்றால், வருடத்துக்கு இரண்டு இலவசப் பாடமும் மாதக் கூட்டமும். தனியாகப் பாமசி நடத்துகிறவர் என்றால் கூட்டம் கட்டாயம், கொழும்புக்கு வருடத்தில் ஒரு பயணம், மற்றதெல்லாம் வசதிப்படி. ஆஸ்பத்திரியில் இருப்பவர் என்றால் பக்கவிளைவு அறிவித்தல் பற்றிய உப்சாலாப் பாடத்தை முதலில் செய்யுங்கள், ஏனென்றால் வார்டில் நடப்பதை அதிகாரசபைக்கு எழுதி அனுப்பக்கூடிய இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். வெளிநாடு போக ஆயத்தப்படுத்துகிறவர் என்றால் போகிற நாட்டின் சபை விதியைப் பார்த்துக் காசைக் கட்டுங்கள், அதுவரை இங்கே கூட்டத்துக்கு வாருங்கள்.

முதல் தலைப்பு எது என்று கேட்டால் சிறுநீரகத்தை எடுங்கள். மெட்ஃபோர்மின், நோக்குளிசை, லொசார்ட்டன், டபாக்ளிஃப்ளோசின் எல்லாம் அந்த ஒரே தலைப்புக்குள் வந்துவிடும், கேஸ் தேடி அலையவும் வேண்டாம். வருகிறவர்கள் ஆளுக்கொரு கேஸும் கடைசியாக எழுதிய ஒரு மருந்துக் கவரும் கொண்டுவந்தால் போதும்.